வரலாற்று நாவல்களுக்குள் நுழைவோர்க்கு ஓராண்டு வாசிப்பு வரிசை

கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு திரைப்படங்களாக வெளிவந்ததிலிருந்து, அதுவரை கதைப் புத்தகங்களின் பக்கமே போகாத பலர் வரலாற்று நாவல்களைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். ஐந்து பாகங்களையும் ஒரே கட்டாக வாங்கி வந்து, முதல் பாகத்தின் நடுவில் ஒரு பேருந்துச் சீட்டைச் செருகி வைத்துவிட்டு, அதன் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்காமலேயே இருப்பவர்களை என் நண்பர்களிடையே மட்டும் ஏழெட்டுப் பேர் வரை எண்ணிவிட முடியும். அவர்களிடம் ஆர்வத்திற்குப் பஞ்சமில்லை; எதை முதலில் எடுப்பது, எந்த வேகத்தில் படிப்பது, பக்கத்தில் எதை வைத்துக்கொள்வது என்று சொல்வாரில்லாமல் போனதுதான் காரணம். கடந்த ஓராண்டில் நான் படித்தவற்றுள் மனத்தில் தங்கிய நாவல்களைக் கொண்டு அப்படியொரு வரிசையை இங்கே அமைத்திருக்கிறேன்.

இந்த வரிசைக்கு ஒரே ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நாவலோடும் அதன் காலத்தைச் சேர்ந்த சான்று ஒன்றையாவது சேர்த்துப் படிக்க வேண்டும். அது ஒரு கல்வெட்டாக இருக்கலாம், ஒரு நாட்குறிப்பின் சில பக்கங்களாக இருக்கலாம், ஒரு தெருவாகக்கூட இருக்கலாம். அந்தச் சான்று தோற்றவர்களின் பக்கத்திலிருந்து கிடைக்குமானால் இன்னும் நல்லது. சான்று எங்கே நின்றுவிடுகிறது, நாவலாசிரியர் எங்கே தொடங்குகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும்போதுதான் இவ்வகை நாவலின் முழுச் சுவையும் பிடிபடுகிறது என்பது என் அனுபவம்.

தொடங்குவதற்கு முன்

முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களிலும் சேர்த்து 293 அத்தியாயங்கள் கொண்டது. நாளுக்கு மூன்று அத்தியாயங்கள் என்று வைத்தால் 98 நாட்களில் முடியும். விடுமுறை நாளில் இருபது அத்தியாயங்களைப் படித்துவிட்டு அடுத்த பத்து நாள் தொடாமல் இருப்பதைவிட இந்த வேகமே நல்லது. அதற்குக் காரணம் நூலின் பிறப்பிலேயே இருக்கிறது. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக வாரந்தோறும் ‘கல்கி’ இதழில் வந்த தொடர்கதை அது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு குதிரைக் குளம்போசையோ ஒரு கூக்குரலோ கேட்பது, வாசகரை அடுத்த வாரம் வரை காத்திருக்க வைப்பதற்காகச் செய்யப்பட்டது. இருபது கூக்குரல்களை ஒரே மூச்சில் கேட்டால் யாருக்கும் சலிப்புத் தட்டும்.

அடுத்தது பதிப்பு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடவும் செய்கிறார்கள். மதுரைத் திட்டத்தின் இணையத் தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாகவே படிக்கலாம். அச்சு நூல்தான் வேண்டுமென்றால், வாங்குவதற்கு முன் கடைசிப் பாகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஆசிரியரின் முடிவுரை இருக்க வேண்டும். நான் முதன்முதலில் வாங்கிய மலிவுப் பதிப்பில் அது இல்லை. பல ஆண்டுகள் கழித்து நூலகப் படி ஒன்றைப் புரட்டியபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. கதைமாந்தர்களின் பிற்கால வாழ்வைப் பற்றிக் கல்கி சொல்லும் இடம் அது. சுருக்கப் பதிப்புகளைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம்; நீங்கள் படிக்க வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு குறிப்பேடு. முதல் பக்கத்தில் பழைய ஊர்ப் பெயர்களையும் இன்றைய பெயர்களையும் எதிரெதிரே எழுதுங்கள். வாதாபி என்பது கருநாடகத்தின் பாதாமி, மான்யகேடம் அதே மாநிலத்தின் மால்கேட், கடாரம் மலேசியாவின் கெடா, குடந்தை கும்பகோணம், வீரநாராயண ஏரி என்பது வீராணம். இரண்டாம் பக்கத்தில் கால அளவை எழுதுங்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஆகவே ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு சாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். ‘இரவு மூன்றாம் சாமம்’ என்று படித்தவுடன் நள்ளிரவு தாண்டிவிட்டது என்பது தானாகத் தோன்றும் வரைதான் இந்தப் பக்கம் தேவைப்படும். மூன்றாம் பக்கத்தை அரச மரபுகளின் கொடிவழிக்காகக் காலியாக விடுங்கள். சோழர்கள் பாட்டன் பெயரையே பேரனுக்கு இடுபவர்கள். அரியணை ஏறியபின் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வேறு புனைபவர்கள். எழுதி வைக்காவிட்டால் குழப்பம்தான்.

முதல் இரண்டு மாதங்கள்: சிறியதிலிருந்து பெரியதற்கு

‘பார்த்திபன் கனவு’ முதலாவதாக இருக்கட்டும். ‘கல்கி’ இதழ் தொடங்கிய 1941ஆம் ஆண்டிலேயே தொடராக வரத் தொடங்கிய இந்நாவல், கல்கியின் மூன்று வரலாற்று நாவல்களில் மிகச் சிறியது. காஞ்சிப் பல்லவர்க்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்த உறையூர்ச் சோழன், தன் நாடு தனித்து நிற்கும் காலத்தைக் கனவு கண்டு அதைச் சித்திரமாகத் தீட்டி வைக்கிறான். அந்தக் கனவு அவன் மகன் தலையில் சுமையாக இறங்குகிறது. ஓடக்காரன் பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் வரும் இடங்களில் கல்கியின் நகைச்சுவையைப் புதியவர் எளிதாகப் பழகிக்கொள்ளலாம். ‘வாசகர்களே’ என்று ஆசிரியரே கதைக்குள் தலைநீட்டிப் பேசும் வழக்கத்தையும் இங்கேயே பழகிக்கொள்வது நல்லது. முதலில் உறுத்தும், பிறகு அந்தக் குரல் இல்லாத பக்கங்களில் அதைத் தேடுவீர்கள்.

கதை நிகழும் கால வரிசைப்படி ‘சிவகாமியின் சபதம்’ முன்னது, ‘பார்த்திபன் கனவு’ பின்னது. ஆகவே முன்னதை முதலில் படிக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எழுதப்பட்ட வரிசையில் படிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். இருநூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் கொண்ட ‘சிவகாமியின் சபத’த்தைச் சின்ன நாவலில் கால் நனைத்த பிறகு எடுப்பது எளிது என்பது ஒரு காரணம். முதல் நாவலில் முதிர்ந்த அரசராகப் பார்த்த பல்லவர் நரசிம்மவர்மரை அடுத்ததில் இளவரசராகப் பார்க்கும்போது கிடைக்கும் இன்பம் மற்றொன்று.

‘சிவகாமியின் சபத’த்தோடு சேர்த்துப் படிக்க இரண்டு சான்றுகள் இருக்கின்றன. ஒன்று நம் பக்கத்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார், சிறுத்தொண்டராகப் பின்னர் அறியப்பட்ட பல்லவர் படைத்தலைவர் பரஞ்சோதியைப் பற்றி, ‘மன்னவர்க்குத் தண்டுபோய் வடபுலத்து வாதாவித் தொன்னகரம் துகளாகத் துளைநெடுங்கை வரையுகைத்து’ என்கிறார். யானைப் படையைச் செலுத்தி வாதாபியைத் துகளாக்கினார் என்பது பொருள். நான்கு பாகங்கள் கொண்ட நாவலின் உச்சப் போர் முழுவதும் இந்த ஈரடிக்குள் அடங்கிக் கிடக்கிறது. மற்றது எதிரியின் பக்கத்தது. வாதாபியை ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் புகழைப் பாடும் 634ஆம் ஆண்டின் ஐகொளே கல்வெட்டில், அவைப் புலவர் இரவிகீர்த்தி, சாளுக்கியப் படை எழுப்பிய புழுதியில் பல்லவனின் ஒளி மறைந்து அவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்று எழுதினார். நாவலின் இரண்டாம் பாகமான ‘காஞ்சி முற்றுகை’யைப் படிக்கும்போது, மதிலுக்கு வெளியே நின்றவர்கள் அதே நாட்களை எப்படிப் பாடினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு சான்றுகளிலும் சிவகாமி இல்லை. சபதம் முழுவதும் கல்கியுடையது. வாதாபி 642ஆம் ஆண்டையொட்டி வீழ்ந்தது வரலாறு. அது ஒரு நடனப் பெண்ணுக்காக வீழ்ந்தது என்று நம்மை ஒரு தலைமுறைக்கும் மேலாக நம்ப வைத்திருப்பது எழுத்து.

பொன்னியின் செல்வனும் உடையார்குடியின் சுவரும்

மூன்றாம் மாதத்தில் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்குங்கள். கதை ஓர் ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. இன்று அந்த ஏரியின் நீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது என்பதை வந்தியத்தேவனிடம் சொன்னால் அவன் என்ன சொல்லியிருப்பானோ தெரியாது. ஏரிக்கு அருகிலுள்ள காட்டுமன்னார்கோயிலை ஒட்டியதுதான் உடையார்குடி. அங்குள்ள அனந்தீசுவரர் கோயிலின் சுவரில், இந்த நாவலின் கருவை உள்ளடக்கிய கல்வெட்டு இருக்கிறது. முதல் பாகத்தை முடித்த கையோடு அதைப் பார்க்கப் போனேன். கைப்பேசி வெளிச்சத்தைச் சுவருக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் விழுந்து ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பதை அங்குதான் கற்றுக்கொண்டேன். பழைய எழுத்தைப் படிக்கத் தெரியாத எனக்கு அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டும் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் அடையாளம் காண முடியவில்லை. அந்த இரண்டு மூன்று சொற்களுக்கே பயணச் செலவு தகும்.

முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது இக்கல்வெட்டு. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. நாவலைப் படித்தவர்கள் இந்தப் பெயர்களைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். கல்கி அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் இக்கல்வெட்டைப் பொறித்தவர்களுக்குக் கொலையைப் பற்றிப் பேசும் நோக்கமே கிடையாது என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். கொலையாளிகளிடமிருந்தும் அவர்தம் உறவினரிடமிருந்தும் பறிமுதல் செய்யப்பட்ட நிலத்தின் உரிமை பற்றிய ஆவணம் அது. நிலம் எப்படிக் கைமாறியது என்று விளக்க வந்த இடத்தில், பட்டத்து இளவரசனின் கொலை போகிறபோக்கில் சொல்லப்படுகிறது. ஏன் கொன்றார்கள் என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது பட்டப்பெயர்களை. இரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்றும் பரமேசுவரனுக்கு ‘இருமுடிச்சோழ பிரமாதிராசன்’ என்றும் பட்டங்கள் இருக்கின்றன. பிரமாதிராசன் என்பது உயர் பதவியிலிருந்த அந்தணர்களுக்குத் தரப்பட்ட பட்டம். இருமுடிச்சோழன் என்பதோ வெளிப்படையாகவே சோழரின் பெயர். அப்படியானால் கொன்றவர்களில் சோழ அரசின் அதிகாரிகளே இருந்தார்களா? நாவலில் அவர்கள் வீரபாண்டியனின் ஆபத்துதவிகள், அதாவது உயிரைக் கொடுத்தும் அரசனைக் காக்கும் மெய்க்காவலர்கள். பழிவாங்க வந்த வெளியார். கல்வெட்டை அறிந்திருந்தும் கல்கி இந்த வழியைத் தேர்ந்தது ஏன் என்று யோசித்துப் பார்ப்பது, நாவலின் எந்தத் திருப்பத்தையும் விடச் சுவையான புதிர். கொலை நடந்தது ஏறத்தாழ 970ஆம் ஆண்டையொட்டி. இராசராசன் முடிசூடியது 985இல். இடையில் ஆண்டவன் உத்தம சோழன். இந்த இடைவெளியை வைத்து இராசராசன் மீதும் குந்தவை மீதும் உத்தம சோழன் மீதும் ஆளுக்கொரு ஐயத்தை எழுப்பிய ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் உண்டு. இவற்றையெல்லாம் நாவலை முடித்த பிறகு படியுங்கள். முன்னாலேயே படித்தால் கதை கெட்டுப்போகும்.

குந்தவை, வந்தியத்தேவன், அநிருத்தர், பழுவேட்டரையர்கள் ஆகியோருக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே குறிக்கிறது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கற்பனை. படித்து முடித்தவர்களிடம் மறக்க முடியாத பாத்திரம் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் இந்தக் கற்பனைப் பட்டியலிலிருந்துதான் பெயர் சொல்கிறார்கள்.

கடலுக்குப் போவோர்க்கு

ஏழாம் மாதத்தில் இராசேந்திரன் காலத்துக்கு நகரலாம். அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ 1963ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. பாண்டியர் ஈழத்தில் அடைக்கலமாக வைத்த மணிமுடியை மீட்பதும், கொடும்பாளூர் இளங்கோவுக்கும் ஈழத்து இளவரசி உரோகிணிக்கும் இடையே வளரும் காதலும் கதையின் இரு இழைகள். கல்கியின் குறும்பு இதில் கிடையாது. நடை நிமிர்ந்து நடக்கும். காதல் இழையை மட்டும் இன்னும் சுருக்கியிருக்கலாம் என்று நினைத்தேன்.

இதனோடு படிக்க வேண்டியது இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அவன் வெற்றிகளைப் பாடும் பகுதி. ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கும் பகுதியில் ஸ்ரீவிசயம், மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று கைப்பற்றிய இடங்கள் வரிசையாக வந்து கடாரத்தில் முடியும். உரக்கப் படியுங்கள், துறைமுகம் துறைமுகமாகக் கப்பல் நகர்வது காதில் கேட்கும். பிறகு மறுபக்கம். ஈழத்தின் பாளி வரலாற்று நூலான சூளவம்சம், ஐந்தாம் மகிந்தன் சோழர்களிடம் சிறைப்பட்டதையும், விகாரைகளில் இருந்த செல்வங்கள் கொள்ளை போனதையும் சொல்லி, சோழர்கள் இரத்தம் உறிஞ்சும் இயக்கர்களைப் போல் நாட்டின் சாரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்கிறது. நாவலில் வீரமீட்பாக இருக்கும் அதே படையெடுப்புதான் இது. இந்த ஒரு பத்தியைப் படித்த பிறகு சோழர் நாவல் எதையும் பழையபடி படிக்க முடிவதில்லை. படிக்க முடியாமல் போவதும் நல்லதே.

சாண்டில்யனை விட்டுவிட்டுக் கடலைப் பற்றிப் பேச முடியாது. ‘கடல் புறா’ மூன்று பாகங்கள்; கலிங்கத்துப் பாலூர்த் துறையில் தொடங்கிக் கருணாகரத் தொண்டைமானைக் கப்பலேற்றிக் கீழைக் கடல்களுக்கு அனுப்பும் கதை. பாய்மரம், நங்கூரம், காற்றின் திசை ஆகியவற்றைச் சாண்டில்யன் எழுதும் இடங்கள் இன்றும் வேகம் குறையாதவை. பெண்களை வருணிக்கும் இடங்கள் அதே அளவுக்கு நீளமானவை, அதே அளவுக்குப் பழையவை. அங்கே பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போவதில் குற்றமில்லை. மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரே காலத்தில் நிகழும் ‘ஜலதீபம்’ தமிழ் மன்னர்களை விட்டு வெளியே வர விரும்புவோர்க்கு ஏற்றது.

அரண்மனையை விட்டு வெளியே

இதுவரை வந்தவர்கள் இங்கே நின்று ஒரு முடிவெடுக்க வேண்டும். மன்னர் கதைகள் போதும் என்றிருந்தால் இதுவரை சொன்ன நாவல்களோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் என் ஆண்டின் மிக நல்ல வாசிப்பு இதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முதலில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. 1976இல் வந்த சிறிய நூல். வார இறுதி ஒன்று போதும். தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் கதையை, மங்கத்தாயாரு என்ற முதுபாட்டி சொல்லக் கேட்கிறோம். இங்கே சான்று என்று தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. பாட்டி சொன்ன கதைதான் சான்று. உங்கள் வீட்டிலும் ‘நாங்கள் எங்கிருந்து வந்தோம்’ என்று ஒரு கதை இருக்கும். முடிந்தால் அதை யாரிடமாவது கேட்டு எழுதி வைத்துவிட்டு இந்நூலைத் திறங்கள்.

அடுத்து பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, அதன் தொடர்ச்சியான ‘வானம் வசப்படும்’. பின்னது 1995இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையைச் சுற்றிச் சுழலும் நாவல்கள். பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதால், நாவலையும் சான்றையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறெந்தத் தமிழ் நாவலையும் விட இங்கே அதிகம்.

செய்யும் முறை இதுதான். நூலகத்திலிருந்து நாட்குறிப்பின் ஒரு தொகுதியை மட்டும் எடுங்கள். 1746 முதல் 1748 வரையுள்ள பகுதியாக இருந்தால் நல்லது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். அந்த முற்றுகைக் காலத்தில்தான் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. நாட்குறிப்பை முதலிலிருந்து முடிவு வரை படிக்க முயல வேண்டாம். கப்பல் வந்தது, துணி மூட்டை இத்தனை, யார் யாருக்கு எத்தனை வராகன் கொடுத்தார், துரை இன்றைக்கு என்ன மனநிலையில் இருந்தார் என்று அது ஒரு வணிகரின் பேரேட்டைப் போல நகரும். திடீரென்று கோயில் இடிபடும் நாள் வரும். தடுக்கும் செல்வாக்கு இல்லாத, செல்வாக்குள்ளவராக ஊரார் நம்புகிற மனிதர் ஒருவர், அன்றைய நிகழ்ச்சிகளை நேரம் உட்பட எழுதி வைக்கிறார். மனவருத்தமும் உண்டு, தன் எதிரிகள்மேல் பழி போடுவதும் உண்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் கவனமும் உண்டு. இதைப் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்பினால், பிரபஞ்சனின் ரங்கப்பிள்ளை எவ்வளவு அன்போடு எழுதப்பட்டவர் என்பது விளங்கும். நாட்குறிப்பில் ஒரு வரியில் கடந்துபோகிற தாசிகளும் அடிமைகளும் ஏழைகளும் நாவலில் நிற்கிறார்கள், பேசுகிறார்கள். துபாஷியின் பேனா போகாத தெருக்களுக்கெல்லாம் நாவலாசிரியர் போயிருக்கிறார். இந்த இரண்டு நூல்களையும்தான் நான் ஆண்டின் முதலிடத்தில் வைப்பேன்.

பத்தாம் மாதத்துக்கு சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். 2011ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. இதன் ஒரு பகுதிதான் ‘அரவான்’ திரைப்படமாக வந்தது. இதை முதல் நாவலாக எடுத்து இருநூறாம் பக்கத்தில் தோற்றுப் போனவன் நான். மாலிக் கபூர் படையெடுப்பிலிருந்து கதை நூற்றாண்டுகளைத் தாண்டித் தாண்டிப் போவதால், கையில் பிடித்துக்கொள்ள ஒரு கதைத்தலைவன் கிடைக்காமல் தடுமாறினேன். இரண்டாம் முறை ஒரு தந்திரம் செய்தேன்: மதுரை நகரையே தலைவனாக வைத்துப் படித்தேன். சிக்கல் தீர்ந்தது.

இதற்கான சான்று தெருக்களில் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகளைக் கடந்து வெளி வீதிக்கு வாருங்கள். மதுரைக் கோட்டையின் மதிலும் அகழியும் இருந்த கோடு அது. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அந்தப் பணியில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்களில் இன்றும் வீதிகள் இருக்கின்றன. மாரட் வீதியில் ஒரு தேநீர்க் கடையில் நின்று, இந்தப் பெயர் எதனால் வந்தது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். ‘ஏதோ வெள்ளைக்காரன் பேரு தம்பி’ என்றார். நாவலில் கோட்டை இடிபடும் அத்தியாயங்களை அன்று இரவு மீண்டும் படித்தேன். மதிலோடு சேர்ந்து மதிலைக் காத்தவர்களின் வாழ்வும் இடிவதும், களவும் காவலுமாக வாழ்ந்த தாதனூர் மக்கள் மெல்ல மெல்ல அரசின் பதிவேட்டில் குற்றவாளிகளாக மாற்றப்படுவதும்தான் நூலின் நடு நரம்பு. இருநூறு பக்கங்களில் கைவிட்டவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்கிவிட்டுப் பிறகு முன்பகுதிக்குத் திரும்பினாலும் தவறில்லை.

ஆண்டின் கடைசிக்கு ஜெயமோகனின் ‘வெள்ளையானை’. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது, சென்னை ஐஸ்ஹவுசில் தலித் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தை, ஏய்டன் என்ற அயர்லாந்துக்கார அதிகாரியின் கண் வழியாகச் சொல்லும் நாவல். அமெரிக்க ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து சேமித்து வைத்த கட்டடம் அது. இன்று விவேகானந்தர் இல்லமாகக் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. சான்றாக, அப்பஞ்சத்தின்போது ஹூப்பர் என்ற ஆங்கில இராணுவ அதிகாரி எடுத்த நிழற்படங்களைப் பாருங்கள். எலும்புக் கூடுகளான மனிதர்களைப் படத்துக்காக வரிசையாக உட்கார வைத்திருக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்தபின் பனிக்கட்டியைப் பற்றிய ஒவ்வொரு வரியும் வேறு கனத்தோடு ஒலிக்கும்.

சில நடைமுறைக் குறிப்புகள்

படித்த எல்லாவற்றையும் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. பாலகுமாரனின் ‘உடையார்’ ஆறு பாகங்கள். பெரிய கோயில் கட்டப்பட்ட விதத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, கல் ஏற்றுவதையும் சாரம் அமைப்பதையும் பற்றிய பகுதிகள் பிடிக்கும். பாத்திரங்கள் பேசிப் பேசியே பக்கங்களை நிரப்பும் இடங்களில் நான் இரண்டாம் பாகத்தோடு நின்றுவிட்டேன். கைவிடுவதில் வெட்கம் வேண்டாம். குறிப்பேட்டில் நின்ற பக்க எண்ணை மட்டும் எழுதி வையுங்கள். பூமணியின் ‘அஞ்ஞாடி’ எதிர் அனுபவம்: 1899 சிவகாசிக் கலவரம் வரை நீளும் பெரிய நூல், கரிசல் வட்டார மொழி பழகும் வரை பொறுமை கேட்கும், பழகிவிட்டால் விடாது. அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழின் முதல் வரலாற்று நாவல் எது என்று தேடுபவர்கள் 1895இல் வெளிவந்த ‘மோகனாங்கி’யில் போய் நிற்பார்கள். எழுதியவர் திருக்கோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை, கதை நாயக்கர் காலத்தது. ஈழத்தவர் ஒருவர் தமிழகத்து நாயக்க அரசைப் பற்றி எழுதியதிலிருந்துதான் இந்த வகை தொடங்கியது. வரிசையில் இதற்குக் கட்டாய இடம் இல்லை. மேலே சொன்ன நாவல்களுக்குப் பிறகு படித்தால், எவையெல்லாம் அன்றே தொடங்கிவிட்டன என்று பார்க்கலாம்.

ஓராண்டு ஒதுக்க இயலாதவர்கள் மூன்று நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘பார்த்திபன் கனவு’, ‘கோபல்ல கிராமம்’, ‘மானுடம் வெல்லும்’. நாளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் இரண்டு மாதங்களுக்குள் மூன்றும் முடியும். மூன்றாவதை முடிக்கும்போது ரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு தொகுதியை நூலகத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்; எங்கள் மாவட்ட நூலகத்தில் அது கைக்குக் கிடைக்க மூன்று வாரம் ஆனது.